கடை அடைக்கிற நேரத்துக் கேள்விகள்

பாளையங்கோட்டையில், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் இருந்தது அண்ணாச்சியின் மெடிக்கல்ஸ். பகலெல்லாம் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்குகிற கூட்டம். இரவு ஒன்பதரைக்கு மேல் வேறு ஆட்கள் வருவார்கள். எல்லாரும் இருபது வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பையன்கள். கடையில் பெண்கள் நின்றால் தள்ளிப்போய் பைக்கின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். கூட்டம் கலைந்ததும் கவுண்டருக்கு வந்து தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார்கள். அதை வாங்கி, மீதிச் சில்லறையையும் வாங்கிய பிறகுதான் வந்த விஷயம் வாயில் வரும்.

“அண்ணாச்சி, முடி பூராக் கொட்டுது. என்னமாவது மருந்து இருக்கா?”

அண்ணாச்சி எண்பதுகளில் டி.ஃபார்ம் முடித்தவர். முப்பது வயதுக்குள் அவருக்கும் முன்தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. பையன்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்ட மாத்திரத்தில் பாட்டிலை எடுத்துக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் அவரிடம் இல்லை. “எப்ப இருந்துடே? தலை பூராவா, நெத்தியில மட்டுமா? நாலஞ்சு மாசத்துக்குள்ள காய்ச்சல் ஏதும் வந்துச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். ‘முடி கொட்டுது’ என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை என்பது கடை வைத்த சில வருஷங்களிலேயே அவருக்குப் புரிந்திருந்தது.

2006-இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவியபோது அது இன்னும் தெளிவானது. காய்ச்சலும் மூட்டுவலியும் அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து, ஆணும் பெண்ணுமாக வந்து தலையில் கைவைத்தால் கொத்தாக வருகிறது என்றார்கள். தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள், ஷாம்பூவைக் குற்றம் சொன்னார்கள். ஓய்ந்துபோன காய்ச்சலின் பேரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆஸ்பத்திரித் தோல் பிரிவிலிருந்து மாலையில் கடைக்கு வந்து பேசிக்கொண்டிருக்கும் டாக்டர் ஒருவர்தான் அண்ணாச்சிக்கு விளக்கினார். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருஷம் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிரும், அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கும். எப்போது பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருப்பதால், நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது இயல்பு. பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, கடுமையான பட்டினி போன்றவை வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் கணிசமான பகுதியை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகின்றன. அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலையே ஆள் மறந்திருப்பார். மயிர்க்கால் கெடவில்லை என்பதால் பெரும்பாலும் மருந்தில்லாமலே ஆறேழு மாதத்தில் முடி திரும்பிவிடும். கொரோனாவுக்குப் பிறகு இதே கதை மறுபடி நடந்தது. காசைச் செலவழிக்காமல் பொறுத்திருக்கச் சொல்லி அண்ணாச்சி திருப்பி அனுப்பியவர்கள் அப்போது ஏராளம்.

புழுவெட்டு வேறு. தலையிலோ மீசையிலோ தாடியிலோ காசளவுக்கு வட்டமாக முடி போயிருக்கும், தோல் வழவழவென்று இருக்கும். புழு எதுவும் அரிப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மயிர்க்காலைத் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஈராக் மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில் வெங்காயச் சாற்றுக்குப் புழுவெட்டில் பலன் தெரிந்ததும் உண்மைதான். ஆனால் அதைக் கேள்விப்பட்டு நெற்றி ஏறுகிறவர்கள் வெங்காயம் தேய்ப்பதில் பொருளில்லை. பல இடத்தில் புழுவெட்டு வந்தவர்களை அண்ணாச்சி நேராக டாக்டரிடம் அனுப்புவார். அந்த இடத்தில் போடுகிற ஸ்டீராய்டு ஊசியிலிருந்து, 2022-இல் கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் மாத்திரை வரை அதற்கான மருத்துவம் தனி.

மிச்சமிருப்பதுதான் பையன்களை ராத்திரியில் கடைக்கு வர வைக்கிற வழுக்கை. முன்நெற்றியின் இரு ஓரமும் உள்வாங்கும், உச்சியில் தோல் தெரியத் தொடங்கும், பின்னந்தலையிலும் காதோரத்திலும் மட்டும் முடி அடர்த்தியாக நிற்கும்.

இது அண்ணாச்சியின் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவருடைய தங்கை மகன் இன்ஜினியரிங் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தொப்பியோடு வந்தான், வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. தங்கை ஒருநாள் கடைக்கே வந்துவிட்டாள். “ஒங்க தலைதான் இவனுக்கும் வந்திருக்கு அண்ணே. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று அழுதாள். தாய்மாமன் வழுக்கை மருமகனுக்கு வரும் என்பது ஊர்ப் பேச்சு. அதில் பாதி உண்மை. ஆண் ஹார்மோனை மயிர்க்கால் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதைத் தீர்மானிக்கிற முக்கியமான மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆனால் வழுக்கையோடு தொடர்புள்ள வேறு மரபணுக்கள் பல உண்டு, அவை அப்பா வழியிலும் வருகின்றன. மாமனுக்கு அடர்ந்த முடி இருந்தும் வழுக்கையானவர்களையும், வழுக்கை மாமனின் மருமகனாக இருந்தும் முடி போகாதவர்களையும் அண்ணாச்சி பார்த்திருக்கிறார்.

மருமகன் அவரிடம் தனியாகக் கேட்டது வேறு கேள்வி. மாமனிடம் கேட்கவே அவனுக்கு நாக்கு எழவில்லை. கைப்பழக்கத்தால் முடி கொட்டுமா என்பதுதான் அது. இரவில் வருகிற பையன்களில் பலருடைய நெஞ்சிலும் இந்தக் குற்றவுணர்வு உட்கார்ந்திருந்தது. ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து மாதத்தில் ஒருநாள் வைத்தியம் பார்ப்பவர்கள் சுவரொட்டிகளில் அதை ஊட்டி வளர்த்தார்கள். இல்லவே இல்லை என்று அண்ணாச்சி அழுத்திச் சொல்வார். அதற்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. தலைக்கவசம் போடுவதாலும் வழுக்கை விழாது. சென்னையில் வேலைக்குப் போன பையன்கள் போர் தண்ணீரைச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழுந்து நடுவில் உடையும். மயிர்க்காலுக்குள் அது போகாது. தாமிரபரணித் தண்ணீரில் குளித்தே வளர்ந்த அண்ணாச்சிக்கு முப்பதுக்குள் வழுக்கை விழுந்ததை அவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்.

உண்மையான காரணத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர். பருவம் அடையும் முன்பே விரை நீக்கப்பட்ட, அல்லது விரை வளர்ச்சி இல்லாத ஆண்களை ஆராய்ந்து 1942-இல் அவர் எழுதினார். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி போகத் தொடங்கியது. ஊசியை நிறுத்தியதும் வழுக்கை இருந்த இடத்தில் நின்றது, போன முடி திரும்பவில்லை. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும், வயதும் ஆக வேண்டும். வழுக்கை உள்ளவனுக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்ற பேச்சும் தவறு. அளவு எல்லாருக்கும் போலத்தான், அதை உணர்கிற மயிர்க்கால்தான் வேறு.

அடுத்த துப்பு டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்திலிருந்து கிடைத்தது. அங்கே சில குழந்தைகள் பெண்போலப் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றுகிற நொதி அவர்கள் உடம்பில் வேலை செய்யவில்லை. வளர்ந்த பிறகு அவர்களுடைய பிராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, நெற்றி ஏறவில்லை. பரம்பரை வழுக்கையில் மயிர்க்காலைச் சுருக்குவது இந்த டி.எச்.டி.தான். கவனிப்பில்லாத வயலில் ஒவ்வொரு போகத்துக்கும் கதிர் சிறுத்துக்கொண்டே போவது போல, ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியாகிறது. இப்படி மெலிந்துகொண்டிருக்கிற முடியை மருந்தால் பிடித்து நிறுத்தலாம். பல வருஷமாகப் பளபளவென்று கிடக்கிற தோலில் எந்தத் தைலமும் எந்த மாத்திரையும் முடியைக் கொண்டுவராது. பையன்கள் வெட்கப்பட்டுக் கழித்த வருஷங்கள் அண்ணாச்சியை வருத்தியது இதனால்தான். இருபத்திரண்டில் கேட்டிருக்க வேண்டியதை முப்பதில், பெண் பார்க்கப் போகிற மாதத்தில் வந்து கேட்பார்கள்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. அப்ஜான் நிறுவனம் செய்து, 1979-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முதுகிலும் முடி முளைத்தது. அந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கி, தலையில் தடவுகிற திரவமாக 1988-இல் கொண்டுவந்தார்கள். பாளையங்கோட்டைக் கடைக்கு அது வந்தது தொண்ணூறுகளில். வாங்கிய பையன்கள் ஒரு மாதத்திலேயே பாட்டிலோடு திரும்பி வந்ததுதான் அண்ணாச்சிக்கு மறக்காத நினைவு. “அண்ணாச்சி, இதைப் போட்டதும் முன்னைவிட அதிகமாக் கொட்டுது. காசையும் வாங்கிட்டு இருக்கிறதையும் புடுங்கிட்டீங்களே!” பாட்டிலைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த மருந்து ஓய்விலிருக்கிற பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய சுற்றைத் தொடங்கி வைக்கிறது. முதல் சில வாரங்களில் உதிர்வது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இதைச் சொல்லாமல் பாட்டிலை விற்பது, மருந்தே கொடுக்காமல் அனுப்புவதற்குச் சமம் என்று அண்ணாச்சி நினைத்தார். அதனால் கடையில் நின்றபடியே சொல்லிக் கொடுப்பார். முடியில் தடவக்கூடாது, வகிடெடுத்துத் தோலில் படவேண்டும். தலை காய்ந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மில்லி, டிராப்பரில் கோடு இருக்கிறது. காலையும் இரவும். படுப்பதற்கு நல்ல நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தலையணையில் பட்டு முகத்தில் முடி முளைக்கும். நாலு மாதத்துக்கு முன் கண்ணாடியைப் பார்த்து மனசு உடையக்கூடாது. தலை அரித்தால் அநேகமாகத் திரவத்தில் கலந்திருக்கிற புரோப்பிலீன் கிளைக்காலால் இருக்கும், அது இல்லாத நுரை வகையை டாக்டரிடம் கேட்கலாம். நெஞ்சு படபடத்தாலோ கால் வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் பூனை வளர்க்கிறவர்களைத் தனியாக எச்சரிப்பார். தலையணையையோ கையையோ பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் சொன்ன பிறகு, எத்தனை நாள் போடவேண்டும் என்று கேட்பார்கள். நிறுத்தினால், மருந்தால் நின்ற முடி நாலைந்து மாதத்தில் போய்விடும் என்பதுதான் பதில். அதைக் கேட்டு முகம் வாடிப் போகிறவனிடம், மாதாமாதம் இந்தச் செலவு உன் சம்பளத்துக்குக் கட்டுமா என்று இப்போதே பார்த்துக்கொள் என்பார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் இப்படிப் பேசுவது வியாபாரத்துக்கு நல்லதில்லைதான். ஆனால் இரண்டு மாதம் போட்டு, மூன்று மாதம் விட்டு, மறுபடி வாங்கி, பணமும் நம்பிக்கையும் ஒன்றாகக் கரைந்துபோனவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

மாத்திரையின் கதை இன்னும் கடினம். சலினாஸ் கிராமத்தில் கண்டதைப் பின்பற்றி அந்த நொதியைத் தடுக்கிற ஃபினாஸ்டிரைடை மெர்க் நிறுவனம் உருவாக்கியது. 5 மில்லிகிராம் மாத்திரை பிராஸ்டேட் வீக்கத்துக்காக 1992-இல் அனுமதி பெற்றது, 1 மில்லிகிராம் வழுக்கைக்காக 1997-இல். இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடியின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 28 சதவீதம். பையன்கள் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. “கல்யாணம் ஆகப் போகுது அண்ணாச்சி. அந்த விஷயத்துல பிரச்சினை வருமாமே?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆய்வுகளில் ஆண்மை தொடர்பான குறை சொன்னவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு மாத்திரையை நிறுத்தியதும் சரியானது. நிறுத்திய பிறகும் குறை நீடித்ததாகச் சிலர் தெரிவித்ததால், 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதை மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது. மனச்சோர்வையும் கவனிக்க வேண்டும். அதனால் மருந்துச் சீட்டு இல்லாமல் அண்ணாச்சி அதைக் கொடுக்கவே மாட்டார், தெரிந்த பையன் என்றாலும் சரி.

சீட்டோடு வந்தவர்களிடமும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. விலை குறைவென்று 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி வீட்டில் பிளேடால் நறுக்கிச் சாப்பிடுகிற பழக்கம் பரவியிருந்தது. கர்ப்பமான பெண் அந்தத் தூளைத் தொட்டு அது தோல் வழியாக உள்ளே போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும் பட்சத்தில் பிறப்புறுப்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். மனைவி முழுகாமல் இருக்கிறாளா என்று அண்ணாச்சி கேட்டபோது கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காரணம் சொன்னதும் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது தாண்டியவர்களிடம், பிராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால் இந்த மாத்திரையைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லச் சொல்வார். அது அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், புற்றுநோய் கண்ணில் படாமல் போகலாம்.

எண்ணெயை அவர் ஒருபோதும் பழித்ததில்லை. அவருடைய அம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வடிகட்டுகிற மணம் அவருக்குப் பிடித்தமானது. எண்ணெய் முடியை மென்மையாக்கும், உடையாமல் காக்கும். டி.எச்.டி.யை அது தடுக்காது. வழுக்கையைப் போக்குவதாகவும் புதிதாக முடி வளர்ப்பதாகவும் எந்த மருந்தும் உரிமை கொண்டாடக்கூடாது என்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது. டி.ஃபார்ம் படித்தவர்களுக்கு அது பாடம். தொலைக்காட்சியில் ஆறே வாரத்தில் அடர்ந்த முடி என்று ஒருவர் தலையைத் திருப்பிக் காட்டும்போதெல்லாம் அண்ணாச்சிக்கு அந்த அட்டவணைதான் நினைவுக்கு வரும். மொட்டையும் அப்படித்தான். திருச்செந்தூரில் இறக்கிய முடி வேண்டுதலுக்காக இருக்கட்டும். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பது தோற்றம் மட்டுமே. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் முடி தடிமனாகத் தெரிகிறது.

மருமகனுக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும், சென்னையில் முடி நடப்போவதாகச் சொன்னான். அப்போது இருபத்துமூன்று வயது. அண்ணாச்சி அவனை உட்கார வைத்துப் பேசினார். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952-இல் செய்து, 1959-இல் எழுதியதுதான் அந்தச் சிகிச்சைக்கு அடிப்படை. பின்னந்தலை மயிர்க்காலை எடுத்து முன்தலையில் நட்டால், அது பின்னந்தலைக் குணத்தோடே வளரும், டி.எச்.டி.க்கு அசையாது. ஆகவே நட்ட முடி நிலைக்கும். ஆனால் நடாமல் ஏற்கெனவே அங்கே நிற்கிற முடி தொடர்ந்து போகும். இருபத்துமூன்றில் நெற்றியில் வரிசையாக நட்டுவிட்டு முப்பத்தைந்தில் அதற்குப் பின்னால் வெட்டவெளி வந்தால் என்ன செய்வது? எடுக்கக்கூடிய முடிக்கும் அளவுண்டு, ஒருமுறை எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. நட்ட சில வாரங்களில் நட்ட முடியே உதிரும், மூன்று நாலு மாதம் கழித்துத்தான் முளைக்கும், முழுப்பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

யார் செய்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 2016-இல் சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கே இப்படி என்றால் மற்றவர்கள் எதைப் பார்த்து நம்புவார்கள் என்று அண்ணாச்சி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். தகுந்த பயிற்சி பெற்ற, பதிவுசெய்த மருத்துவரே இதைச் செய்யவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நடுபவர் யார், மரத்துப்போக ஊசி போடுபவர் யார், மயக்கம் வந்தாலோ மூச்சு திணறினாலோ உடனே காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டு, பதில் தெளிவாக வராவிட்டால் முன்பணத்தை விட்டுவிட்டாவது எழுந்து வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

மருமகன் அப்போது நடவில்லை. ஹைகிரவுண்டில் தோல் டாக்டரைப் பார்த்து மினாக்சிடில் போடத் தொடங்கினான், முதல் மாதம் உதிர்ந்தபோதும் விடவில்லை. உச்சி முடி நின்றது, நெற்றி ஓரம் கொஞ்சம் போனது. அதே தலையோடு கல்யாணமும் நடந்தது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, “போதும் மாமா, இனி விடுறேன்” என்றான். என்ன ஆகும் என்று தெரிந்து எடுத்த முடிவு. சில மாதத்தில் முடி போயிற்று. இப்போது டிரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொள்கிறான். தங்கைக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல்.

இப்போதெல்லாம் பையன்கள் இரவுவரை காத்திருப்பதில்லை, உச்சந்தலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படத்தைப் பார்த்து அண்ணாச்சி மருந்து சொல்வதில்லை. நேரில் வரச் சொல்லி, மருந்து போடுகிற காகிதக் கவரின் பின்பக்கத்தில், டாக்டரிடம் சொல்லவேண்டியதை எழுதிக் கொடுக்கிறார். எந்த மாதத்திலிருந்து கொட்டுகிறது, அதற்கு முன் என்ன காய்ச்சல், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், ஜிம்மில் யாராவது ஊசியோ பவுடரோ கொடுத்தார்களா, எடை திடீரென்று குறைந்ததா, அப்பாவுக்கு எந்த வயதில் முடி போனது, அம்மா வழியில் யாருக்கு. கவரைக் கொடுத்துவிட்டு, தோல் ஓ.பி. காலையில்தான், வரிசை நீளமாக இருக்கும், லீவு போட்டுவிட்டுப் போ என்கிறார்.